எந்த வைத்தியக் கல்லூரி?

ஓமலூரில் நம் கட்சி ஆபீசுக்கு ஒரு நூல் மில் தொழிலாளி வந்தார். கார்டிங் டிபார்ட்மெண்டில் வேலை. இரவு ஷிப்ட் முடித்து, தலையில் பஞ்சு ஒட்டியது ஒட்டியபடியே நேராக வந்திருந்தார். சஸ்பென்ஷன் சமாசாரமோ, போனஸ் தகராறோ என்று நினைத்தோம். அது ஒன்றுமில்லை. அவருடைய மகள் சர்க்கார் பள்ளியில் படித்து, நீட் பரீட்சை எழுதி, டாக்டர் படிப்புக்கு இடம் கிடைக்கும் அளவுக்கு மார்க்கு வாங்கிவிட்டாள்.

"கவுன்சலிங்குக்குக் கூப்பிட்டிருக்காங்க தோழர். எந்தக் காலேஜை முதல்ல கேட்கோணும்னு தெரியல. ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

பெண்ணின் அபிப்பிராயம் என்ன என்று கேட்டோம்.

"அவ பெரிய ஆபரேஷன் டாக்டரெல்லாம் வேண்டாம்ங்கறா. நம்ம ஊர் மாதிரி ஊர்ல உட்கார்ந்து காய்ச்சல், பிரசவம், சர்க்கரைன்னு பார்க்கற டாக்டரா இருக்கோணும்ங்கறா. சொந்தக்காரங்க சிரிக்கறாங்க. அதுக்கா இத்தனை படிப்புன்னு கேக்கறாங்க."

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்தத் தலையங்கம். இதை எழுதுகிறவர் பத்தாவதோடு படிப்பை முடித்தவர். வைத்தியக் கல்லூரியின் வாசலை நோயாளியோடு போனபோதுதான் பார்த்திருக்கிறார். ஆனால் டாக்டர் யாருக்கு வேண்டும் என்பதைச் சொல்ல நோயாளிக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு இருக்கிறது?

முதலில் ஒரு விஷயம். அந்தப் பெண் கவுன்சலிங் வரை வந்தது யாருடைய தயவும் இல்லை. 2017ல் தமிழ்நாட்டில் நீட் வந்த பிறகு, சர்க்கார் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். சேர்ந்த பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை ஏற்பட்டது. கோச்சிங் கம்பெனிக்கு லட்சம் லட்சமாகக் கட்டியவன் வீட்டுப் பிள்ளை உள்ளே போனது. கூலிக்காரன் பிள்ளை வெளியே நின்றது. தமிழகமெங்கும் கிளர்ச்சி நடந்தது. நீதிபதி கலையரசன் கமிஷன் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்து சதவீதம் ஒதுக்கச் சொன்னது. சர்க்கார் அதை ஏழரையாகக் குறைத்துச் சட்டம் போட்டது. கவர்னர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நாளைக் கடத்தினார். கடைசியில் 2020 அக்டோபரில்தான் கையெழுத்து விழுந்தது. 2022 ஏப்ரலில் சென்னை ஹைகோர்ட்டும் அது செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. ஆகவே அந்த இடம் மக்கள் போராடி வாங்கிய இடம். மக்களுக்கு டாக்டராக இருக்கிறேன் என்று ஒரு பெண் சொன்னால் சிரிப்பவர்கள், அந்த இடம் எதற்காக வந்தது என்பதை மறந்தவர்கள்.

சரி, எந்தக் கல்லூரி?

நம் பக்கத்துச் சர்க்கார் கல்லூரிகளைப் பார்ப்போம். சேலம் கல்லூரி 1986ல் வந்தது. மோகன் குமாரமங்கலத்தின் பெயரைத் தாங்கியது. ஜமீன் குடும்பத்தில் பிறந்து, நம் கட்சிக்கு வந்து வேலை செய்து, சிறை சென்று, பிறகு நம்மை விட்டுக் காங்கிரசுக்குப் போய் மத்திய மந்திரியானவர்; 1973ல் விமான விபத்தில் மாண்டார். அவரோடு நமக்குக் கணக்கு உண்டு, கல்லூரியோடு கிடையாது. தருமபுரிக் கல்லூரி 2008ல் வந்தது. நாமக்கல் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. சென்னையிலோ 1835ல் ஆரம்பித்த மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் இருக்கிறது. பேர் பெரிது. மார்க்கு இருந்தால் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

பெரிய பேருக்கு மதிப்பில்லை என்று நாம் சொல்லவில்லை. மூளையில் கட்டி, இருதயத்தில் ஓட்டை என்று படிக்க விரும்புகிறவருக்கு அது சரியான இடம். நம் பெண் கேட்பது வேறு படிப்பு. அவள் எதைக் கற்க வேண்டும்?

மில் தொழிலாளர்களுக்கு ஒரு சமாசாரம் நன்றாகத் தெரியும். புளோ ரூமிலும் கார்டிங்கிலும் பல வருஷம் வேலை செய்தவருக்கு, லீவு முடிந்து முதல் நாள் மில்லுக்குள் போனதும் மார்பை இறுக்கிப் பிடிக்கும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் கொஞ்சம் தேவலை. அடுத்த வாரம் மறுபடியும் அதே கதை. வருஷம் போகப் போக எல்லா நாளும் இறுக்கும். இது பஞ்சுத் தூசியால் வரும் நோய். பிசினோசிஸ் என்று பெயர். நஷ்ட ஈடு கொடுக்க வேண்டிய தொழில் நோய்களின் சட்டப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் ஒருவர் வந்து மூச்சு இரைக்கிறது என்றால், "என்ன வேலை? எந்த டிபார்ட்மெண்ட்? எந்தக் கிழமை அதிகம்?" என்று கேட்கிற டாக்டர் எத்தனை பேர்? கேட்காதவர் ஆஸ்துமா என்று எழுதுகிறார், பீடியை விடு என்கிறார், சளி மருந்து கொடுத்து அனுப்புகிறார். நஷ்ட ஈடு முதலாளியின் பெட்டியிலேயே பத்திரமாக இருக்கிறது. ஒரு கேள்வி கேட்காததற்கு இத்தனை விலை!

விவசாயத் தொழிலாளி விஷயமும் அப்படித்தான். களத்தில், குடிசைத் தரையில் படுத்துத் தூங்குகிறவரை இரவில் கட்டுவிரியன் கடிக்கும். வலி தெரியாது, வீக்கம் இருக்காது, பல் பட்ட இடமே கண்ணுக்குத் தெரியாமல் போகும். விடியற்காலையில் வயிற்றுவலி என்பார். கண் இமை மேலே தூக்க முடியாமல் தொங்கும். பக்கத்திலிருக்கிற டாக்டர் அதைப் பார்த்தவுடன் புரிந்துகொண்டு விஷமுறிவு மருந்தை ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால் பிழைப்பார். வயிற்றுவலிக்கு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினால் முடிந்தது கதை.

இதையெல்லாம் எங்கே கற்பது? இந்த நோயாளிகள் எந்த வாசலில் வந்து நிற்கிறார்களோ அங்கே. சேலம் பெரியாஸ்பத்திரியின் வரிசையில் நில்லுங்கள். மேச்சேரிக்காரர், காடையாம்பட்டிக்காரர், ஏற்காட்டு எஸ்டேட்காரர், மரவள்ளி அரைக்கும் சேகோ ஆலைப் பெண், கொலுசுப் பட்டறைப் பையன் எல்லோரும் அங்கே நிற்கிறார்கள். அவர்கள் பேச்சு அந்தப் பெண்ணுக்குத் தாய்ப் பேச்சு. நெஞ்சு "கரிக்குது" என்பதும் "அடைக்குது" என்பதும் வேறு வேறு என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே கல்லூரியின் கட்டிடத்தைப் பார்க்காதீர்கள், வார்டைப் பாருங்கள். தனியார் கல்லூரி சிலவற்றில் பளிங்குத் தரை உண்டு, நோயாளிதான் இல்லை. பரிசோதனைக் குழு வருகிற நாளில் பொய் நோயாளிகளைப் படுக்க வைத்ததாகவும், குழுவினருக்கே லஞ்சம் போனதாகவும் 2025ல் சி.பி.ஐ. வழக்குப் போட்டது, பல மாநிலத்துத் தனியார் கல்லூரிகள் அதில் சம்பந்தப்பட்டிருந்தன. வழக்கு எப்படி முடிந்தாலும், காலிப் படுக்கையிலிருந்து வைத்தியம் கற்க முடியாது.

இன்னொன்று விசாரியுங்கள். நாலரை வருஷப் படிப்புக்குப் பிறகு ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன் வேலை. அதில் பன்னிரண்டு வாரம் சமூக மருத்துவத்துக்கு என்று 2021ல் விதி வந்தது. படிக்கும்போதே கிராமத்துக் குடும்பங்கள் சிலவற்றை ஏற்றுக்கொண்டு அவர்கள் உடல்நிலையைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்ற பாடமும் வந்திருக்கிறது. காகிதத்தில் எல்லாக் கல்லூரிக்கும் இது பொது. நடப்பில்? அந்தப் பன்னிரண்டு வாரமும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்து பிரசவம் பார்க்கிறார்களா, அல்லது கையெழுத்துப் போட்டுவிட்டு மேல்படிப்புக் கோச்சிங்குக்குப் போய்விடுகிறார்களா? கல்லூரி விளம்பரத்தில் இதற்குப் பதில் கிடைக்காது. அங்கே படிக்கிற சீனியர் பிள்ளைகளைக் கேளுங்கள். அந்தச் சுகாதார நிலையத்து நர்ஸம்மாவைக் கேளுங்கள். அவர் உள்ளதைச் சொல்லிவிடுவார்.

தனியார் என்றாலே எல்லாம் வியாபாரம் என்று நாம் சொல்லமாட்டோம். வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியை ஆரம்பித்த ஐடா ஸ்கடர், 1918ல் பெண்களுக்கு என்றே வைத்தியப் பள்ளி திறந்தார். ஆண் டாக்டரிடம் காட்ட மறுத்த வீடுகளில் பெண்கள் பிரசவத்தில் செத்த காலம் அது. இன்றும் அங்கே மிஷன் ஆஸ்பத்திரிகள் சிபாரிசில் சேர்ந்து படிக்கிறவர்கள், படிப்பு முடிந்ததும் இரண்டு வருஷம் சிற்றூர் மிஷன் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்யக் கடமைப்பட்டவர்கள். கே.வி.குப்பத்தில் 1977 முதல் கிராம சுகாதார வேலையும் நடத்துகிறார்கள். மதம் அவர்களுடையது, ஆனால் மாணவரைக் கிராமத்துக்கு அனுப்பித்தான் டாக்டராக்க வேண்டும் என்பதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே, தருமபுரி ஜில்லா சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கி இருக்கிறது. ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதி 1993ல் அங்கே போய்க் குடிசையில் ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். மலைவாழ் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துச் சுகாதார ஊழியர்களாக்கினார்கள். அவர்கள் படித்தது கேரளத்தில் ஆலப்புழைக் கல்லூரியில். டில்லியோ வெளிநாடோ இல்லை.

வெளிநாடு என்றதும் ஒரு எச்சரிக்கை. ஜார்ஜியா, பிலிப்பைன்ஸ், ரஷ்யா என்று ஏஜெண்டுகள் நம் ஊர்களில் சுற்றுகிறார்கள். 1960ல் மாஸ்கோவில் தொடங்கி, லுமும்பா பேர் சூட்டிய பல்கலைக்கழகத்தில் ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்குச் சோவியத் சர்க்கார் இலவசமாகப் படிப்புக் கொடுத்தது. அந்த நினைப்பில் இன்றைய ஏஜெண்டிடம் வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்துவிடாதீர்கள், தோழர்களே. அந்த நாடும் இல்லை, அந்த இலவசமும் இல்லை. 2022ல் உக்ரேன் யுத்தத்தில் ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் படிப்பைப் பாதியில் விட்டு ஓடிவந்ததைப் பார்த்தோம்.

உள்ளூரிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல் கேட்கிற இடங்கள் உண்டு. கோடி ரூபாய் போட்டுப் படித்தவர், ஆரம்ப சுகாதார நிலையத்துச் சம்பளத்தில் எந்தக் காலத்தில் அந்தக் கோடியை எடுப்பார்? வேண்டாத ஸ்கேனும், பரிசோதனைக் கூடத்துக் கமிஷனும் அவருக்குப் பாடத்தில் இல்லை. அவர் வாங்கிய கடனில் இருக்கிறது.

பெண்ணின் விஷயத்தில் நம் கருத்து இவ்வளவு. ஆனால் பொறுப்பை முழுக்க அவள் தலையில் கட்டிவிட்டு சர்க்கார் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

வயதானவர்களுக்கு எல்.எம்.பி. டாக்டர்கள் ஞாபகம் இருக்கும். குறைந்த படிப்பு, சிற்றூரில் வாசம். 1946ல் போர் கமிட்டி அந்தப் படிப்பை நிறுத்திவிட்டு, நாடு முழுவதற்கும் ஒரே தரமான டாக்டரை உண்டாக்கச் சொன்னது. கிராமத்தானுக்கு அரை டாக்டர், பட்டணத்தானுக்கு முழு டாக்டரா என்ற கேள்வி நியாயமானதே. கிராமப் பகுதிகளில் சுகாதார நிலையம், அதில் அந்த முழு டாக்டர் என்பது கமிட்டியின் திட்டம். 1952 முதல் சுகாதார நிலையங்கள் வரத் தொடங்கின. எல்.எம்.பி. போய்விட்டார். முழு டாக்டரோ பட்டணத்தில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டார்! 1978ல் சோவியத் கஜகஸ்தானின் அல்மா ஆட்டாவில் 134 நாடுகள் கூடி, ஆரம்ப சுகாதாரமே அஸ்திவாரம் என்று பிரகடனம் செய்தன. இந்தியாவும் கையைத் தூக்கியது. இங்கே வந்ததும் "வெறும் எம்.பி.பி.எஸ்." என்ற பேச்சுத்தான் வளர்ந்தது.

கியூபாவில் நடந்ததைப் பாருங்கள். 1959 புரட்சியின்போது அங்கே இருந்த டாக்டர்கள் ஏறக்குறைய ஆறாயிரம் பேர். அதில் பாதிப் பேர் சில வருஷத்தில் அமெரிக்காவுக்கும் பிற நாடுகளுக்கும் கிளம்பிவிட்டார்கள். மக்கள் சர்க்கார் கைகட்டி நிற்கவில்லை. 1960லேயே கிராம வைத்திய சேவையை அமைத்தது. 1984ல் தெருவுக்குத் தெரு குடும்ப டாக்டரையும் நர்சையும் குடிவைத்தது. கீழே வைத்தியசாலை, மேலே டாக்டர் வீடு. 1999ல் ஹவானாவில் ஒரு கல்லூரி திறந்து, பிற நாட்டு ஏழைப் பிள்ளைகளையும் இலவசமாகப் படிக்க வைத்தது. அமெரிக்காவின் முற்றுகையில் இன்று அங்கே மருந்துக்கே கஷ்டம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குடும்ப டாக்டராக இருப்பது அங்கே சிரிப்புக்குரிய வேலையாக இருந்ததில்லை.

தமிழ்நாட்டில் டாக்டர்களைக் கிராமத்தில் நிறுத்தி வைத்த ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. சர்க்கார் வேலையில் இருக்கிற டாக்டர்களுக்கு மேல்படிப்பில் பாதி இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. மெடிக்கல் கவுன்சில் விதியைக் காட்டி 2017ல் அதற்கு வேட்டு வைத்தார்கள். டாக்டர்கள் ஸ்டெதாஸ்கோப்போடு தெருவுக்கு வந்தார்கள். தமிழ்நாடு மெடிக்கல் ஆபீசர்கள் சங்கம் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. இப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் அரசியல் சட்ட பெஞ்ச் தீர்ப்பளித்தது. அந்த டாக்டர்கள் போராட்டம் நம் போராட்டம் என்று அப்போது எத்தனை மில் சங்கங்கள் தீர்மானம் போட்டன? நாமும் இதில் கொஞ்சம் தூங்கித்தான் விட்டோம்.

சுகாதார நிலையத்தில் காலியிடத்தை நிரப்பு, ஒப்பந்த வேலை வேண்டாம், இரவு டியூட்டி பார்க்கிற பெண் டாக்டருக்கும் நர்சுக்கும் பூட்டுள்ள குவார்ட்டர்ஸ் கட்டு, குடும்ப மருத்துவத்தையே மேல்படிப்பாகச் சர்க்கார் கல்லூரிகளில் விரிவாக வை. இவை நம் கோரிக்கைகள். கிராம சபையில் தெருவிளக்கோடு இதையும் எழுப்புங்கள்.

அந்தத் தோழரிடம் கடைசியாகச் சொன்னது: சேலம் முதலில், அடுத்து தருமபுரி, நாமக்கல், கிடைக்காவிட்டால் வேறு எந்தச் சர்க்கார் கல்லூரியானாலும் சரி. அதுவும் இல்லையென்றால் ஏழரை சதவீதத்தில் தனியார் கல்லூரி இடத்தையும் விடாதீர்கள். அந்தக் கட்டணத்தைச் சர்க்கார் ஏற்கிறது. கல்லூரி வேறு எதற்குப் பணம் கேட்டாலும் ரசீது கேளுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை சர்க்கார் பள்ளியில் படித்த சான்று கையில் இருக்கட்டும். மற்றத் தொழிலாளர்களுக்கும் ஒரு சேதி: இ.எஸ்.ஐ. கார்ப்பொரேஷன் நடத்தும் வைத்தியக் கல்லூரிகளில், சென்னை கே.கே. நகர் உள்பட, இன்ஷ்யூர் செய்த தொழிலாளியின் பிள்ளைகளுக்குத் தனி இடங்கள் உண்டு. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த பணத்தில் கட்டிய கல்லூரி அது. அதற்கு இ.எஸ்.ஐ. தருகிற சான்றிதழ் வேண்டும். கடைசி நாள் வரை காத்திராமல் வாங்கிவிடுங்கள். மில் நிர்வாகம் சந்தா கட்டாமல் பாக்கி வைத்திருந்தால் உடனே சங்கத்துக்குத் தெரிவியுங்கள்.