கணநேரக் காவலுக்கு என்ன விலை?

ஆலங்காயத்தைக் கடந்து சவ்வாது மலையேறினால் காவலூர் வானாய்வகம். அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. விண்மீன்களின் மங்கிய ஒளியைப் பதிவுசெய்யும் கருவிகளை, சுழியத்துக்குக் கீழே 196 பாகையிலுள்ள திரவ நைட்ரஜனால் குளிர்விப்பது வானியலாளரின் வழக்கம். ஆதலால் கடுங்குளிர் இம்மலைக்குப் புதிதன்று. அத்தகைய குளிரைக் கொண்டே மின்சாரத்தைச் சேமித்து, காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகிவரும் நம் மின்தொகுப்பைக் காக்கலாம் என்பர் சிலர். கொடுக்கும் விலைக்கு அது ஈடாகுமா என்று ஆராய்வது நம் கடன்.

1911-இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் காமர்லிங் ஆன்னஸ் பாதரசத்தைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்தபோது, அதன் மின்தடை அறவே மறைந்தது. மீக்கடத்தி என நாம் வழங்குவது இந்நிலையை எய்தும் பொருளையே. இத்தகைய கடத்தியாலான சுருளில் ஒருமுறை செலுத்திய மின்னோட்டம் தேய்வின்றிச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆற்றல் காந்தப்புலமாக அதில் தங்கும். வேண்டிய பொழுதில் மில்லிநொடிகளில் அதை மீட்கலாம். வேதிவினை ஏதுமில்லாமையால், எத்தனை முறை நிரப்பி வடித்தாலும் மின்கலத்தைப் போல மூப்படையாது. குறை காணவியலாத சிறப்புகள் இவை.

ஆயினும் அளவைப் பாருங்கள். 1983-இல் அமெரிக்காவின் டக்கோமாவில் பான்வில் மின்துறை அத்தகைய ஒரு சுருளை நிறுவியது. நெடுந்தொலைவு மின்பாதையில் எழும் அலைவுகளை அடக்குவது அதன் பணி. ஆற்றல் 30 மெகாஜூல். அதாவது எட்டே கால் யூனிட்டுக்குச் சற்று மேல். தமிழ்நாட்டில் ஓர் இல்லத்துக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை விலையின்றி வழங்கப்படும் 100 யூனிட்டில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு! ஆனால் அச்சிறு சேமிப்பைப் பத்து மெகாவாட் வேகத்தில் அள்ளிக் கொடுக்கவும் வாங்கவும் அச்சுருளால் இயன்றது. சில நொடிகளே நீடிக்கும் வள்ளன்மை அது. ஓராண்டளவு சோதனைக்குப் பின் அதுவும் அகற்றப்பட்டது.

செலவு எங்கே போகிறது? கடத்தியை இழைப்பதிலும், காந்தவிசை பிளந்துவிடாதபடி சுருளைத் தாங்கும் கட்டுமானத்திலும் பெரும்பகுதி கரையும். எஞ்சியதில் ஒரு பங்கைக் குளிரூட்டி விழுங்கும். ஹீலியத்தின் குளிர்நிலையில் ஒரு வாட் வெப்பத்தை வெளியேற்ற, வெளியே சில நூறு வாட் மின்சாரம் வேண்டும். சுருள் பயன்பட்டாலும் படாவிட்டாலும் இச்செலவு ஓயாது. யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, அதுவே இது. 1987 முதல் வந்த உயர்வெப்ப மீக்கடத்திகளுக்குத் திரவ நைட்ரஜனே போதுமென்ற நம்பிக்கை எழுந்தது. வலிய காந்தப்புலத்தில் அவற்றின் திறன் குன்றுவதால், பெருஞ்சுருள்களை அதற்கும் கீழே குளிர்விக்க நேர்கிறது.

தமிழகத்தின் தேவை வேறு. நண்பகலில் மிகும் சூரிய மின்சாரம் மாலை விளக்கேற்றும் நேரத்துக்கு வர வேண்டும். அது பல மணி நேரச் சேமிப்பு. ஆனைமலையின் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் அப்பணியைச் செய்கிறது. நீலகிரியின் குந்தாவில் 500 மெகாவாட் நிலையம் திட்டமிடப்பட்டது. மின்கலங்களின் விலையோ சரிந்துவருகிறது. இவற்றோடு போட்டியிட்டு மணிக்கணக்கில் மின்சாரம் தரவேண்டுமெனில், கிலோமீட்டர் அளவு விட்டமுள்ள சுருளைக் கட்ட வேண்டும். அவ்வாறான வரைவுகள் அமெரிக்காவில் தாளோடு நின்றன.

எனினும் இக்கருவியைப் புறந்தள்ளுதல் தகாது. அனல்நிலையங்களின் கனத்த சுழலிகள் குறைந்து சூரியத் தகடுகள் பெருகுங்கால், ஓர் உற்பத்தி நிலையம் திடீரென அறுபட்டால் தொகுப்பின் அதிர்வெண் விரைந்து சரியும். முதல் சில நொடிகளைத் தாங்குவோர் தேவை. ஜப்பானின் கமேயாமாவில் காட்சித்திரைத் தொழிற்சாலையொன்றில், நொடிநேர மின்னழுத்தத் தாழ்வால் நேரும் இழப்பைத் தடுக்க இது நிறுவப்பட்டது. இத்தகைய இடங்களில் பொருளின் அருமை உணர்ந்தவர் விலை கொடுக்கலாம். பொதுமக்கள் மீது அச்சுமை ஏற வேண்டியதில்லை. மின்னணு ஆலைகள் பெருகும் திருப்பெரும்புதூரும் ஓசூரும் இதை நோக்கத் தக்கன.

இந்தியாவிலும் கொல்கத்தாவின் மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் மையம் சிறு சுருள்களை உருவாக்கி ஆய்ந்துள்ளது. அம்முயற்சிக்கு ஆய்வுநிதி தொடர்க. மின்கட்டணத்திலிருந்து பெருஞ்சுருள் வாங்குவதை ஏற்கவியலாது. மலையடிவாரச் சிற்றூர்களின் தாழ்மின்னழுத்தத்துக்கு மருந்து மின்மாற்றியும் வலுவான கம்பியுமே, காந்தச்சுருளன்று. நொடிநேர ஆதரவுக்கெனத் தனி விலையை ஒழுங்குமுறை ஆணையம் வகுக்கட்டும். அவ்விலைக்கு மின்கலமோ, சுழற்சக்கரமோ, மீக்கடத்திச் சுருளோ, குறைந்த செலவில் தர வல்லது எதுவோ, அதற்கே ஒப்பந்தம் சேரட்டும்.