கல்யாணத்தோடு முடிந்துவிட்டதா பல் வரிசை?

"சார், பல்லை உள்ளே தள்ளுறதுக்கு ஏதாவது சூரணம் இருக்கா?"

போன மாதம் என்னிடம் இப்படிக் கேட்டவர் லாஸ்பேட்டையிலிருந்து வரும் ஓர் அம்மா. வயது 43. அரசு அலுவலகத்தில் வேலை. மூட்டுவலிக்காக என்னிடம் வருபவர். கேட்கும்போதே புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

பதினேழு வயதில் அவருடைய அப்பா கடன் வாங்கிக் கம்பி கட்டி விட்டாராம். இரண்டு வருஷம் பொறுத்துக்கொண்டார். பல் வரிசைக்கு வந்தது. "ராத்திரியில மறக்காம மாட்டிக்கோ" என்று பல் டாக்டர் ஒரு தகடு கொடுத்தார். இருபத்திரண்டில் கல்யாணம். தகடு அம்மா வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட்டது. இன்றைக்குக் கீழ்ப்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. மேலே ஒரு பல் வெளியே எட்டிப் பார்க்கிறது.

"திரும்பவும் கம்பி போட்டுக்கலாமான்னு வீட்ல கேட்டேன் சார். 'பொண்ணுக்குப் போடுற வயசுல உனக்கா?'ன்னு சிரிக்கிறார்."

அந்தச் சிரிப்பு எனக்கும் பழக்கமானதுதான். சில வருஷங்களுக்கு முன் என் மனைவி இதே ஆசையைச் சொன்னபோது, "இப்ப என்ன, உன்னைப் பொண்ணு பார்க்கவா வரப்போறாங்க?" என்று கேட்டவன் நான். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வேடிக்கையாகப் பேசியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான் செய்தது எவ்வளவு தப்பு என்று அந்த அம்மாவின் புடவைத் தலைப்புதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

சரி, அவர் கேள்விக்குப் பதில். சூரணம் கிடையாது! முப்பது வருஷமாகச் சித்த வைத்தியம் பார்க்கிறவன் சொல்கிறேன்: எந்த மூலிகையும், எந்தத் தைலமும் பல்லை இடம் மாற்றாது. ஈறுக்கு நம்மிடம் நல்ல மருந்துகள் உண்டு. பல் வரிசைக்கு இல்லை. யாராவது தருகிறேன் என்றால் பணத்தைப் பத்திரமாக முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பல் ஏன் பழைய இடத்துக்குத் திரும்புகிறது?

சுவரில் அடித்த ஆணி மாதிரி பல் அசையாமல் நிற்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் பல்லுக்கும் தாடை எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. கம்பி தொடர்ந்து அழுத்தும்போது ஒரு பக்கத்து எலும்பு கரைகிறது. எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு வளர்கிறது. பல் இப்படித்தான் நகர்கிறது. ஆனால் ஈறில் உள்ள நார்கள் பழசை லேசில் மறக்காது. பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டிருக்கும். அவை புது இடத்துக்குப் பழக ஒரு வருஷம்கூட ஆகலாம். அதுவரை பல்லைப் பிடித்து வைப்பதற்குத்தான் ரிடெய்னர் எனும் அந்தத் தகடு.

அதற்குப் பிறகும் வயது தன் வேலையைக் காட்டும். கம்பியே கட்டாதவர்களுக்கும் நடுவயதில் கீழ் முன்பற்கள் நெருங்கத்தான் செய்கின்றன. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், சில பற்களை எடுத்துவிட்டுக் கம்பி கட்டிக்கொண்டவர்களைப் பல வருஷம் கவனித்தார்கள். 1988-ல் அதன் முடிவு வெளிவந்தது. ரிடெய்னரை நிறுத்தி 20 வருஷம் கழித்துப் பார்த்தபோது, கீழ்ப்பல் வரிசை திருப்தியாக இருந்தது பத்தில் ஒருவருக்குத்தான்!

ஆகவே, "அப்பா காசு வீணாப் போச்சே" என்று அந்த அம்மா தன்னையே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

நாற்பதுக்கு மேல் முடியுமா?

முடியும். எலும்பு கரைவதும் வளர்வதும் ஆயுள் முழுக்க நடக்கிற காரியம். வயதானால் வேகம் கொஞ்சம் குறையும். முழுச் சிகிச்சைக்கு ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகலாம். லேசான விலகல் என்றால் சில மாதங்களிலேயே சரியாகிவிடும்.

"இதெல்லாம் புது நாகரிகம்" என்பவர்களுக்கு நம் ஊர்க் கதை ஒன்று. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் இருந்த 1728-லேயே, பாரீஸில் பியர் ஃபோஷார் என்ற பல் வைத்தியர் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். வளைந்த உலோகப் பட்டையைப் பல்லோடு நூலால் கட்டி வரிசைப்படுத்தும் முறை அதில் இருக்கிறது. நம் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதத் தொடங்கியதே அதற்கு எட்டு வருஷம் கழித்துத்தான்!

இன்று பலர் கேட்டு வாங்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடு, 1997-ல் தொடங்கிய ஓர் அமெரிக்க நிறுவனத்தால் பிரபலமானது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸியா சிஷ்டி, வளர்ந்த பிறகு கம்பி கட்டிக்கொண்டவர். ரிடெய்னரை விட்டால் பல் நகர்வதையும், மறுபடி மாட்டினால் திரும்பி வருவதையும் தன் வாயிலேயே பார்த்தார். அதிலிருந்து பிறந்த யோசனைதான் அது. நடிகர் டாம் க்ரூஸ் 2002-ல், ஏறக்குறைய நாற்பது வயதில், பல்லில் க்ளிப்போடு பொது இடங்களில் சிரித்தார். அவரை யாரும் பெண் பார்க்க வரவில்லையே!

முதலில் ஈறு, அப்புறம் கம்பி

ஆனால் அவசரப்படாதீர்கள். ஈறில் ரத்தக் கசிவு, வீக்கம், பல் ஆட்டம் இருந்தால் முதலில் அதற்குச் சிகிச்சை. பலவீனமான எலும்பில் கம்பி கட்டினால் பல்லே போய்விடும். நாற்பதுக்கு மேல் முன்பற்கள் திடீரென இடைவெளி விட்டு விரிந்தால், அது ஈறு நோயாக இருக்கலாம். சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எலும்புத் தேய்வுக்கு மருந்து எடுப்பவர்கள் பல் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். வெதுவெதுப்பான திரிபலா கஷாயத்தால் வாய் கொப்பளிப்பது ஈறுக்கு இதமானது. பிரஷ் செய்வதற்குப் பதிலாக அல்ல, அதோடு கூட. கரித்தூள், செங்கல் பொடி வேண்டவே வேண்டாம்.

கம்பி கட்டுவதற்கென்றே எம்.டி.எஸ். படித்தவரிடம் போங்கள். நம் கோரிமேட்டில் அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிலையத்திலேயே இதற்குத் தனிப் பிரிவு உண்டு. பல்லில் ரப்பர் வளையம் மாட்டும் கைவைத்தியம் மகா ஆபத்து. அது ஈறுக்குள் நழுவிப் பல்லையே பிடுங்கிவிடும். வீட்டுக்கே தகடு அனுப்புகிறோம் என்ற விளம்பரத்துக்கும் மயங்காதீர்கள். அமெரிக்காவில் அப்படி அனுப்பிக்கொண்டிருந்த ஸ்மைல் டைரக்ட் க்ளப் 2023 டிசம்பரில் மூடப்பட்டது. பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

இந்த முறை சிகிச்சை முடிந்ததும் ரிடெய்னரை விடாதீர்கள். பல்லின் பின்பக்கம் ஒட்டிவிடும் மெல்லிய கம்பியும் இருக்கிறது. எது பொருந்தும் என்று கேளுங்கள். பழைய தகட்டைத் தேடி எடுத்து அழுத்தி மாட்டாதீர்கள்.

யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் பெண்ணுக்குப் பல் வரிசை எதற்காக? கல்யாணச் சந்தைக்காக. அது முடிந்ததும் தகடு அலமாரிக்குப் போய்விடுகிறது. ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பல்லைச் சுத்தம் செய்வது கடினம். அங்கே அழுக்குத் தங்கினால் ஈறு கெடும். அழகுக்காகவே கேட்டாலும்தான் என்ன? வாயைப் பொத்தாமல் சிரிக்க வயது வரம்பு இருக்கிறதா?

போன வாரம் என் மனைவியிடம் நானே அந்தப் பேச்சை எடுத்தேன். "இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?" என்றாள். வரும் திங்களன்று முதலில் ஈறைக் காட்டப் போகிறோம். கம்பியா இல்லையா என்று டாக்டர் சொல்லட்டும். வேண்டுமா வேண்டாமா என்று அவள் சொல்லட்டும்.

தாய்மார்களே, மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது சீர்வரிசைப் பாத்திரங்களோடு அந்த ரிடெய்னர் டப்பாவையும் மறக்காமல் எடுத்து வையுங்கள்!