வெற்று முட்டை என்று எழுதும் முன்

குஞ்சு பொரிப்பகப் பதிவேட்டில் முதல் நாள் என்பது முட்டை அடைகாப்பு எந்திரமான செட்டருக்குள் போன நாள். வேலைக்கு இந்தக் கணக்கு வசதிதான், ஆனால் கருவின் கணக்கு வேறு. கருமுட்டை வெளிப்பட்ட கால் மணி நேரத்துக்குள் அண்டநாளத்தின் புனல் பகுதியில் கருவுறுதல் நடந்துவிடுகிறது. ஏறத்தாழ 5 மணி நேரத்தில் முதல் செல் பிளவு. பிறகு ஓடு படியும் சுமார் 20 மணி நேரமும் தாயின் 41 டிகிரி உடல் வெப்பத்தில் செல்கள் பெருகியபடியே இருக்கின்றன. முட்டை கூண்டில் விழும்போது கருவட்டில் 40,000 முதல் 60,000 செல்கள் வரை சேர்ந்துவிடுகின்றன. ஏயல்-கிலாடியும் கோச்சாவும் 1976இல் வகுத்த 14 படிநிலைகளில் அது பெரும்பாலும் பத்தாவது. நாம் கல்லூரியில் படித்த 1951ஆம் ஆண்டின் ஹாம்பர்கர்–ஹாமில்டன் அட்டவணையோ இதற்கு முந்தைய கதை முழுவதையும் 46 நிலைகளில் முதலாவதற்குள் அடைத்துவிட்டது. செட்டரிலிருந்து நாள் எண்ணும் நமது பழக்கத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தப் பழக்கத்தால் நட்டம் வருவது முட்டையை ஒளியில் பிடித்துப் பார்க்கும் கேண்டலிங் மேசையில். பத்தாம் நாள் வெளிச்சத்தில் ஒளி ஊடுருவித் தெரியும் முட்டையெல்லாம் 'கருவுறாதவை' என்று பதிவாகிறது. பழி சேவல்கள்மேல் விழுகிறது. ஆனால் கருவுற்று, இரத்தநாளம் தோன்றுமுன்பே இறந்த முட்டையும் அப்படித்தான் தெரியும். பொரிக்காத முட்டை எப்படியும் நட்டம்தானே, காரணம் எதுவானால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் காரணத்தைப் பொறுத்துப் பரிகாரம் மாறும். முட்டை கருவுறாததற்குப் பரிகாரம் சேவல்களின் எண்ணிக்கை, எடை, கால் நலம் ஆகியவற்றைச் சரிசெய்வது. கரு இளம் பருவத்தில் இறப்பதற்கு முட்டை சேகரிப்பையும் குளிர் அறையையும் சரிசெய்வது. ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்தால் செலவுதான் மிஞ்சும்.

குளிர் அறையில் கரு உறங்குகிறது, அங்கே கேடு வர வாய்ப்பில்லை என்ற வாதம் பாதிதான் சரி. 20, 21 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடுகிறது என்பது உண்மை. ஆனால் செல்கள் இறப்பது நிற்பதில்லை. ஒரு வாரத்துக்குமேல் சேமித்தால் பொரிப்பு விகிதம் குறைவதும், பொரிக்கும் நேரம் தள்ளிப்போவதும் அதனால்தான். அதைவிடக் கெடுதல், நம் சித்திரை வெயிலில் முட்டை பண்ணையிலேயே பல மணி நேரம் கிடப்பது. 30 டிகிரியில் கரு வளரும், ஆனால் சீராக வளராது. நீண்ட சேமிப்பின்போது முட்டைகளைச் சில மணி நேரம் வேண்டுமென்றே சூடாக்கும் முறை பலன் தருகிறதே என்று இங்கே மறுக்கலாம். அந்த முறையில் சூடு அடைகாப்பு வெப்பத்தை நெருங்கிவிடுகிறது, உடனே தணிகிறது. சூடேறுவதற்கும் தணிவதற்கும் நேரக் கணக்கு உண்டு. கொட்டகை வெப்பத்துக்கு அப்படி எந்தக் கணக்கும் கிடையாது.

வெற்று முட்டையை உடைத்துக் காரணத்தைப் பிரித்தறியலாம் என்பதற்கு இருப்பதில் வலுவான ஆட்சேபம் வேறு. பத்தாம் நாளில் மஞ்சள் கரு கலங்கியிருக்கும். உடைத்துப் பார்த்தாலும் மிக இளம் பருவத்தில் இறந்த கருவை வெறுங்கண்ணால் பிரித்தறிவது கடினம். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆகவே ஒவ்வொரு மந்தையிலிருந்தும், செட்டருக்குப் போகாத புது முட்டைகள் சிலவற்றையும் சேர்த்து உடைக்க வேண்டும். கருவுற்றதில் சீரான வெள்ளை வளையம் தெரியும். கருவுறாததில் ஒழுங்கற்ற சிறு வெண்புள்ளி மட்டும். புது முட்டைகளில் வளையம் நிறைந்திருந்து, கேண்டலிங்கில் வெற்று முட்டைகள் மிகுந்தால், சேவலை மாற்றும் முன் குளிர் அறையின் வெப்பமானியைப் பார்க்கலாம்.