மஞ்சள் தடவாமல் ஒரு கோழி

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கிவிட்டு வந்து படியுங்கள்.

இத்தாலிச் சாப்பாடு என்றால் பீட்சா, பாஸ்தா, மேலே உருகி வழியும் சீஸ் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். கல்யாண வரவேற்பில்கூட பாஸ்தாவுக்குத் தனி கவுண்டர் வந்துவிட்டது. அந்த நாட்டுக் கிராமத்து அடுப்பில் கொதிப்பது வேறு சங்கதி. அதில் ஒன்றுதான் 'போல்லோ அல்லா கச்சாத்தோரா'. போல்லோ என்றால் கோழி. கச்சாத்தோரே என்றால் வேட்டைக்காரர். வேட்டைக்காரர் பாணிக் கோழி என்று வைத்துக்கொள்ளலாம். "கோழியைப் பிடிக்க எதுக்கு டீச்சர் காட்டுக்குப் போகணும்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும், எனக்குத் தெரியும். பெயர் பக்குவத்துக்கு, கோழிக்கு அல்ல. முயலையும் இதே பெயரில், இதே முறையில் அங்கே சமைக்கிறார்கள்.

இதை நம் வீட்டில் தாராளமாகச் செய்யலாம். நானும் செய்கிறேன். ஆனால் தமிழ் சேனல்களில் இதைச் செய்து காட்டுகிற வீடியோக்கள் சிலவற்றைப் பார்த்து எனக்கு ஒரு மனத்தாங்கல். எலும்பில்லாத கறி, அரை பாட்டில் கெச்சப், ஒரு பாக்கெட் 'இத்தாலியன் சீசனிங்', முடிவில் "நம்ம டேஸ்டுக்கு" என்று ஒரு ஸ்பூன் கரம் மசாலா. மேலே கிரீம் வேறு. வெளிநாட்டுக்காரர் ஒரு டப்பா 'கறி பவுடரை' வைத்துக்கொண்டு செட்டிநாட்டுக் கோழிக் குழம்பையும் கேரளத்து இஷ்டுவையும் ஒரே பொருளாக்கினால் நமக்குக் கோபம் வருகிறதா இல்லையா? அந்த இத்தாலியன் சீசனிங் பாக்கெட், கறி பவுடரின் கூடப்பிறந்த தம்பி. அடுத்தவர் சமையலை ஒரு தடவையாவது அவர் செய்கிற மாதிரியே செய்து பார்ப்பது மரியாதை என்பது என் கட்சி. நாலு கோடு நோட்டில் எழுதிப் பழகின பிறகுதானே உங்களுக்கெல்லாம் சொந்தக் கையெழுத்து வந்தது?

சரி, அவர்கள் செய்கிற மாதிரி என்றால் எந்த மாதிரி? இங்கேதான் விஷயம் ருசியாகிறது. பெல்லெக்ரீனோ ஆர்த்தூசி என்று ஒருவர். ஃப்ளாரன்ஸில் வாழ்ந்த வியாபாரி. தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டுச் சமையல் குறிப்புகளைத் தொகுத்து, 70 வயதுக்கு மேல், 1891-இல் சொந்தக் காசில் புத்தகமாகப் போட்டார். இத்தாலி ஒரே நாடாக அறிவிக்கப்பட்டது 1861-இல்தான். அதுவரை ஊருக்கு ஒரு சமையல், ஊருக்கு ஒரு பேச்சு. முதல் பதிப்பில் 475 குறிப்புகள். அவர் 1911-இல் காலமாவதற்குள் அது 790 ஆகிவிட்டது. (ஓய்வு பெற்றவர்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் இவரைக் காட்டுங்கள்.)

அதில் இந்தக் கோழியும் இருக்கிறது. பெரிய வெங்காயம் ஒன்றை நறுக்கி அரை மணி நேரத்துக்கு மேல் பச்சைத் தண்ணீரில் போட்டு வைக்கிறார். பிறகு ஈரம் துடைத்து, எண்ணெயிலோ பன்றிக் கொழுப்பிலோ வதக்கித் தனியே எடுத்துவிடுகிறார். அதே கொழுப்பில் கோழித் துண்டுகளைச் சிவக்க வறுத்து, வெங்காயத்தைத் திரும்பப் போட்டு, உப்பு, மிளகு, அரை தம்ளர் நல்ல சிவப்பு ஒயின், கொஞ்சம் தக்காளிச் சாறு. 5 நிமிடக் கொதி. முடிந்தது. கேரட் இல்லை, செலரி இல்லை, காளான் இல்லை, பூண்டுகூட இல்லை.

தஸ்கனிப் பக்கம் ரோஸ்மேரியும் ஆலிவ் காயும் சேர்ப்பார்கள். வெள்ளை ஒயினும் காளானும் போடுகிற ஊர்கள் உண்டு. ரோம் பக்கம் தக்காளியே இல்லாமல் பூண்டு, ரோஸ்மேரி, வினிகர் வைத்து வெள்ளையாகவும் ஒரு பக்குவம் இருக்கிறது. குடைமிளகாயை அள்ளிப் போட்டு ஸ்பெகட்டி மேல் ஊற்றுவது அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன இத்தாலியர்களின் வழி. அதையும் நான் குறை சொல்லமாட்டேன். போன ஊரில் கிடைத்ததை வைத்து, தங்கள் கைப்பக்குவத்தை விடாமல் மாற்றிக்கொண்டார்கள்.

இத்தனை வகையிலும் மாறாமல் இருப்பது கோழியைச் சிவக்க வறுப்பதும், சாற்றைச் சுண்டவிடுவதும்தான். நம் வீடியோக்கள் விட்டுவிடுவது சரியாக இந்த இரண்டையும்.

வறுப்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன். கறியில் ஈரம் இருக்கிறவரை அதன் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டுவது கடினம். நன்றாகச் சிவக்க 140 டிகிரிக்குப் பக்கத்தில் போக வேண்டும். அப்போதுதான் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து அந்த வறுத்த வாசனை வரும். லூயி கமில் மையார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1912-இல் எழுதி வைத்தது இது. அதனால் துண்டுகளைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் சட்டியில் குவிக்காமல் இரண்டு ஈடாகப் போடுங்கள். போட்டதைக் கிண்டிக்கொண்டே இருக்காதீர்கள். 4, 5 நிமிடம் கழித்துத் திருப்பினால் போதும். அடியில் ஒட்டிய பழுப்பைக் கரித்துணியால் தேய்ப்பதற்கு வைக்காதீர்கள். அதுதான் குழம்பின் உயிர். ஒயினை ஊற்றி மரக்கரண்டியால் சுரண்டினால் எல்லாம் கரைந்து வரும்.

"ஒயினா? டீச்சர் வீட்டிலா?" என்று என் நாத்தனார் கமெண்டில் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். கொதிக்கும்போது அதில் உள்ள மது பெரும்பாலும் ஆவியாகும், முழுவதும் போகாது. வேண்டாம் என்பவர்கள் திராட்சைச் சாறு, ஆப்பிள் சாறு என்று தேட வேண்டியதில்லை. ரோமாபுரிக்காரர் வழியில் தக்காளியையும் விட்டுவிட்டு, இரண்டு மூன்று ஸ்பூன் வினிகரைத் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். அதுவும் அசல் கச்சாத்தோராதான்.

இனி கோழி. கறிக்கடையில் குழம்புக்கு வெட்டுகிற மாதிரி சின்னச் சின்னதாகப் போடச் சொல்லாதீர்கள். ஒரு கிலோ கோழி 8 துண்டு, எலும்போடு, முடிந்தால் தோலோடு. நாட்டுக்கோழி என்றால் வாட்டித் தரும்போதே மஞ்சளைத் தடவிவிடுவார்கள். முன்கூட்டியே "மஞ்சள் வேண்டாம்" என்று சொல்லுங்கள். கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

ஆர்த்தூசி எடுத்தது இளங்கோழி, அதனால்தான் அவருக்கு 5 நிமிடக் கொதி போதுமாக இருந்தது. நம் பிராய்லர் துண்டுகளுக்கு வறுத்த பிறகு 35, 40 நிமிடம் மெல்லிய தீ வேண்டும். முட்டையிட்டு ஓய்ந்த நாட்டுக்கோழிக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். ஆனால் அந்தக் காலின் சவ்வெல்லாம் கரைந்து சாற்றுக்கு ஒரு பிசுபிசுப்பைக் கொடுக்கும் பாருங்கள், அது எந்த கிரீமிலும் வராது. கிழட்டுக் கோழியில்தான் நல்ல சூப் என்று இத்தாலியில் பழமொழியே உண்டு. எங்கள் வயதுக்காரர்களுக்கு ஆறுதலான பழமொழி. நெஞ்சுக்கறி மட்டும் வாங்குகிறவர்கள் இந்தச் சமையல் பக்கம் வர வேண்டாம். அரை மணியில் அது நார் நாராகிவிடும். குக்கரும் வேண்டாம். கறி வேகும், சாறு சுண்டாது. மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்துத்தான் சுண்ட வைக்க வேண்டும். தக்காளியும் வினிகரும் புளிப்பு என்பதால் இரும்புச் சட்டியைத் தவிர்த்து, அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தில் செய்யுங்கள்.

ஒரு கிலோ கோழிக்கு ஒரு பெரிய வெங்காயம், 400 கிராம் பழுத்த தக்காளி, ரோஸ்மேரி ஒரு கொத்து, பிடித்தால் பூண்டு இரண்டு பல், ஆலிவ் எண்ணெய் நாலு ஸ்பூன். ரோஸ்மேரி நீலகிரியிலேயே விளைகிறது, ஊட்டிப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி வையுங்கள். பிரிஞ்சி இலை போடாதீர்கள். இத்தாலியர்கள் போடுகிற லாரல் இலை வேறு மரம். நம்முடையது பட்டை மரத்தின் இனம், பிரியாணி வாசனையைக் கொண்டுவந்துவிடும். காரம் இல்லாமல் இறங்காது என்பவர்கள் ஒரு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போடலாம். தெற்கு இத்தாலியில் கலாப்ரியாக்காரர்களுக்கு மிளகாய் இல்லாமல் ஆகாது.

தொட்டுக்கொள்ள அவர்களுக்கு ரொட்டி, அல்லது சோளமாவுக் களியான பொலென்தா. மக்காச்சோள மாவில் நம் களி கிண்டுகிற மாதிரியேதான், கைவலிக்கக் கிண்ட வேண்டும். தஸ்கனி ரொட்டியில் உப்பே இருக்காது. இப்படிப்பட்ட உப்புச் சாற்றோடு அது சரியாகப் பொருந்தும். தட்டில் மிஞ்சிய சாற்றை ரொட்டித் துண்டால் வழித்துச் சாப்பிடுவதற்கு அவர்கள் மொழியில் 'ஸ்கார்ப்பெத்தா' என்று பெயர், சின்னச் செருப்பு என்று அர்த்தம். வெளி விருந்தில் அப்படி வழிப்பது அங்கே மரியாதைக் குறைவாம். வீட்டில் எல்லோரும் வழிப்பார்கள்.

செலரி கிடைக்கவில்லை, கொத்தமல்லித் தண்டு போடலாமா என்று இதற்குள் யாராவது தட்டச்சு செய்துகொண்டிருப்பீர்கள். வேண்டாம். ஆர்த்தூசியே போடவில்லை, விட்டுவிடுங்கள். வேறு சந்தேகம் இருந்தால் கேளுங்கள், சாயங்காலம் வந்து பதில் எழுதுகிறேன்.