களர் நிலத்தில் மனை மட்டும்தான் விளையுமா?

திருச்சி எடமலைப்பட்டி புதூரைத் தாண்டி மதுரை சாலையில் தெற்கே போனால் பஞ்சப்பூர். அதையும் கடந்தால் மணிகண்டம். ஸ்ரீரங்கத்தில் காவிரிப் படுகை வாழையைத் தாங்கி நிற்க, இந்தப் பக்கத்தில் பல வயல்கள் வெயில் ஏற ஏற வெள்ளை பூக்கின்றன. இந்த மண்ணைப் பற்றி ஊருக்குள் ஊறிப்போன பேச்சு ஒன்று உண்டு: "களர்ல என்னங்க விளையும்? மனை போட்டு வித்துட வேண்டியதுதான்." கொஞ்சம் படித்தவர்கள் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வார்கள். உப்பைத் தாங்கும் செடி, கண்டல் மரத்து மரபணு என்று விஞ்ஞானிகள் செய்வதெல்லாம் ஆய்வகத்தோடு முடிந்துபோகிற வேலையாம். இரண்டு பேச்சும் தவறு.

முதலில், களர் மண் செத்த மண் அல்ல. அதில் களிமண் துகள்களைச் சோடியம் பற்றிக்கொண்டிருக்கிறது. அதனால் துகள்கள் பிரிந்து, நனைந்தால் சேறாகவும் காய்ந்தால் பாறையாகவும் ஆகின்றன. நீரும் காற்றும் வேருக்கு எட்டுவதில்லை. ஜிப்சம் போட்டால் அதிலுள்ள கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடிக்கும். பெயர்ந்த சோடியத்தை நீர் கட்டிக் கழுவி, வடித்து வெளியேற்ற வேண்டும். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதால் மண் இளகத் தொடங்கும். தமிழ்நாட்டில் உப்புப் பாதித்த நிலம் ஏறத்தாழ 3.68 லட்சம் ஹெக்டேர் என்பது கணக்கு. அதில் பெரும்பகுதி இப்படித் திருத்தக்கூடிய களர்தான்.

"ஜிப்சம் போட்டு யார் மாள்வது, விளைச்சல்தான் எங்கே?" என்ற கேள்வி நியாயமானது. அதற்கான விடை தொலைவில் இல்லை. எடமலைப்பட்டி புதூருக்குத் தென்மேற்கே சில கிலோமீட்டரில், நாவலூர் குட்டப்பட்டில் இருக்கிறது அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி. களர் மண்ணிலேயே வளர்த்துத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து டி.ஆர்.ஒய். 1 நெல் 1995-லும் டி.ஆர்.ஒய். 3 நெல் 2010-லும் வந்தன. இரண்டும் ஏறக்குறைய 135 நாள் பயிர்கள். நெல் நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும்தான் உப்புக்கு அதிகம் வாடும். எந்த இரகம், எப்போது நடவு, துத்தநாகம் எவ்வளவு என்ற கணக்கையெல்லாம் இந்த மண்ணிலேயே போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்தது ஆய்வகப் பேச்சு. இதற்கு அஜய் பரிடாவின் வாழ்க்கையே மறுமொழி. ஒடிசாவில் 1963-இல் பிறந்த இந்தத் தாவர விஞ்ஞானி, சென்னை தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் பல்லாண்டுகள் கண்டல் தாவரங்களோடு வாழ்ந்தார். அவருடைய குழு பற்றிக்கொண்ட செடி வெண்கண்டல். கடல்நீரில் வேரூன்றி நின்று, உள்ளே வரும் உப்பை இலைச் சுரப்பிகள் வழியே வெளியே தள்ளும் மரம் அது. உப்பு ஏறும்போது எந்த மரபணுக்கள் விழிக்கின்றன என்று குழுவினர் பட்டியலிட்டார்கள். உப்பு நெருக்கடியில் செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் நச்சுகளை முறிக்கிற நொதி ஒன்றின் மரபணுவைப் பிரித்தெடுத்து பாசுமதி நெல்லில் சேர்த்தார்கள். அந்த நெல் உப்பைக் கூடுதலாகத் தாங்கியது. 2008-இல் முடிவு வெளியானது. சீமைக்கருவேலத்திலிருந்தும் மரபணுக்களை எடுத்துச் சோதித்தார்கள். 2014-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2022 ஜூலையில் 58 வயதில் காலமானார்.

"சரி, அந்த நெல் எந்தக் கடையில் கிடைக்கிறது?" எந்தக் கடையிலும் இல்லை, அதை ஒளிக்க வேண்டியதில்லை. மரபணு மாற்றிய பயிர்களில் இந்திய உழவர் வயலுக்கு வணிகமாக வந்தது பருத்தி மட்டுமே. மரபணு மாற்றிய நெல்லை அனுமதிக்கலாமா என்பது தனி வழக்கு. செடி எப்படி உப்பைச் சமாளிக்கிறது என்ற அறிவு அந்த அனுமதிக்காகக் காத்திருப்பதில்லை. வெளி மரபணு எதையும் புகுத்தாமல், நெல்லின் சொந்த மரபணுவிலேயே திருத்தம் செய்து, வறட்சியையும் உப்பையும் தாங்க உருவாக்கிய பூசா டி.எஸ்.டி. நெல் 1 இரகத்தை 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்தது. உப்பை எதிர்க்கும் மரபணுக்கள் எவை, அவற்றை முடுக்குபவை எவை என்று உலகெங்கும் பலர் பொறுமையாகத் தேடியதன் தொடர்ச்சி அது. பரிடாவின் உழைப்பும் அந்தத் தேடலைச் சேர்ந்தது.

ஆனால் உப்பைத் தாங்கும் செடி மட்டும் இருந்தால் போதாது. கடலோரப் பிச்சாவரத்தில் பழைய காலத்தில் கண்டல் காட்டைக் கூறு போட்டு மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் தரை இறங்கிக் குழியானது. புகுந்த கடல்நீர் வடியாமல் காய்ந்து, கண்டலே முளைக்க முடியாத அளவுக்கு உப்பு ஏறியது. பரிடா பணியாற்றிய அதே நிறுவனமும் வனத்துறையும் அங்கே வாய்க்கால் வெட்டி, ஓதம் ஏறி இறங்க வழி செய்த பிறகுதான் கன்றுகள் பிடித்தன. உப்பைத் தாங்கும் செடிக்கும் வடிகால் வேண்டும் என்பதை மணிகண்டத்து விவசாயி பிச்சாவரத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

உப்புச் செடிகள் வெறும் களை என்பாரும் உண்டு. கடலோரத்தில் உமரியைக் கீரையாகவே சமைக்கிறார்கள். சாலிகார்னியா என்ற உமரி வகையிலிருந்து உணவு உப்பு தயாரிக்கும் முறையை பவநகரில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. அதன் விதையில் சமையலுக்கு ஏற்ற எண்ணெயும் இருக்கிறது.

மனை போடுவது ஒருவரோடு முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். களரைத் திருத்துவதில் பாதி வேலை வடிகாலுடையது. ஒரு வயலை மண் கொட்டி மேடாக்கி, ஓரத்து வாய்க்காலைத் தூர்த்துச் சாலை போட்டால், மேல்வயல்காரர் கழுவிய சோடியம் போக வழியின்றி அவர் நிலத்திலேயே தங்கும். அவர் வாங்கிப் போட்ட ஜிப்சம் வீண். இரண்டு போகம் கழித்து அவரும் மனைத் தரகரைத் தேடுவார்.