நீர் வடிந்த பின் யார் காவல்?

தமிழக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் காவிரி நீர்வரத்து கூடினால் ஒகேனக்கல்லில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை வந்துவிடுகிறது. 2024 ஜூலை இறுதியில் வரத்து நொடிக்கு 1 லட்சம் கன அடியைத் தாண்டியபோதும் மாவட்ட நிர்வாகம் அதைத்தான் செய்தது, சரியான முடிவு. ஆனால் தடை நீங்கிய மறுநாள்? பாசி படிந்த பாறை, ஆழம் தெரியாத மடு, எண்ணெய் மசாஜ் முடித்த கையோடு நீச்சல் தெரியாமல் இறங்கும் கூட்டம். அப்போது காவல் பெரும்பாலும் எச்சரிக்கைப் பலகைதான். அதைப் படிப்பவர் யார்?

மெரினாவுக்குப் போலீஸ் உயிர்காப்புப் பிரிவு இருக்கிறது. இங்கோ ஆற்றின் சுழிகளை அறிந்த பரிசல் ஓட்டிகளே இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு முதலுதவிப் பயிற்சியும், தடை நாட்களிலும் நிற்காத ஊதியமும் கொடுத்து, தீயணைப்புத் துறையின் கீழ் நிரந்தர மீட்புக் குழு அமைக்க வேண்டும். அடுத்த ஆடிப்பெருக்குக்கு முன்பே.