கம்யூனிகேஷன்னா இங்கிலீஷ் இல்ல சாமி!

எங்க அத்தைக்கு வயசு 41. ஒரு தனியார் வங்கியில கடன் பிரிவுல 17 வருஷம் வேலை பார்த்தாங்க. போன ஜூன்ல ராஜினாமா பண்ணிட்டு எம்.ஏ. ஜர்னலிசம் அண்ட் கம்யூனிகேஷன் சேர்ந்துட்டாங்க. வீட்டுல நடந்த பஞ்சாயத்த மட்டும் தனியா நாலு பதிவா போடலாம். "பொண்ணு ப்ளஸ் டூ படிக்குது, அம்மா காலேஜ் போறாளாம்." "படிச்சா சம்பளம் ஏறுமா?" இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். இப்பவும் உறுத்துறது நான் கேட்ட கேள்வி. "அத்தை, உங்களுக்குத்தான் நல்லா இங்கிலீஷ் வருமே, அப்புறம் எதுக்கு கம்யூனிகேஷன்?"

பி.காம் மூணாவது வருஷம் படிக்கிறவன் கேக்குற கேள்வியா இது? ஆனா பழி முழுக்க என் மேல இல்லைங்க. காலேஜுக்கு ஒருத்தர் வருவாரு. டை எப்படிக் கட்டணும், கை எப்படிக் குலுக்கணும், "மைசெல்ஃப்"னு ஆரம்பிக்கக் கூடாதுன்னு ரெண்டு நாள் சொல்லுவாரு. ஆளுக்கொரு சர்டிபிகேட். அதுக்குப் பேரு கம்யூனிகேஷனாம், பர்சனாலிட்டி டெவலப்மென்ட்டாம்! :-)

பிசினஸ் கம்யூனிகேஷன் பேப்பர்ல அஞ்சு மார்க்குக்கு ஒரு படம் போடுவோமே, அனுப்புறவர், வழி, இரைச்சல், பெறுபவர்னு கட்டம் கட்டமா? அதோட மூலம் கிளாட் ஷானன் 1948ல எழுதின கட்டுரை. அவர் பெல் ஆய்வகத்துல வேலை பார்த்த ஆளு. அவரோட கவலை சிக்னல் லைன்ல ஒழுங்கா போய்ச் சேருதாங்கறது. செய்தியோட அர்த்தம் இந்த இன்ஜினியரிங் பிரச்சினைக்கு சம்பந்தமில்லைன்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டாரு. நேர்மையான மனுஷன். நாமதான் அவர் ஒதுக்கி வெச்சது என்னன்னு பார்க்காம படத்த மட்டும் மனப்பாடம் பண்றோம்.

அத்தை கிளம்பினது அந்த ஒதுக்கி வெச்ச இடத்துக்குத்தான். ஒரு தடவை வயசான ஒருத்தர் தம்பி மகனோட கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட வந்திருக்காரு. ஃபாரம் இங்கிலீஷ்ல. அத்தை தமிழ்லயே விளக்கியிருக்காங்க. அவரும் தலையாட்டிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டாரு. ரெண்டு வருஷம் கழிச்சு நோட்டீஸ் கையில வெச்சுக்கிட்டு வந்து நின்னாராம். "சாட்சிக் கையெழுத்துன்னுல்ல நெனச்சேன் தாயி?"

பிசினஸ் லா படிச்சவங்களுக்குத் தெரியும். 1872ம் வருஷ ஒப்பந்தச் சட்டம், 128வது பிரிவு: கடன் வாங்கினவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. முதல்ல கடன்காரன் மேல கேஸ் போட்டு முடிக்கணும்னு கூட இல்ல, வங்கி நேரா ஜாமீன்தாரர் கிட்டயே வரலாம். நான் இத எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன்.

"நான் சொன்னேன். அவருக்குக் காது கேட்டுச்சு. தமிழ்தான். அப்புறம் எங்கடா தப்பாச்சு?"ன்னு அத்தை கேட்டாங்க. என் கிட்ட பதில் இல்ல. 17 வருஷமா அவங்க கிட்டயும் இல்ல. அதத் தெரிஞ்சுக்கப் போறாங்க. வளர்ச்சிங்கற வார்த்தைய மேடையில கத்தி விக்கிறவங்க யாராச்சும் இப்படி ஒரு கேள்வி கேட்டுப் பார்த்திருக்கீங்களா?

"17 வருஷ சர்வீஸ் வீணாப் போச்சே"ங்கறாரு எங்கப்பா. காஸ்டிங்ல சங்க் காஸ்ட்னு படிக்கிறோமே, போன பணம் போனதுதான், அடுத்த முடிவுக்கு அதக் கணக்குல சேக்காதேன்னு? மெஷினுக்கு மட்டும்தான் அது பொருந்துமா, மனுஷங்களுக்கு கிடையாதா? தவிர, அந்த 17 வருஷம் இல்லைன்னா இந்தக் கேள்வியே அவங்களுக்கு வந்திருக்காது.

ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட் இல்லையான்னு நண்பர்கள் கேப்பீங்க. இருக்கு. ரெண்டு வருஷ சம்பளம், சின்னத் தொகை இல்ல. வீட்டுக் கடன் முடியற வரைக்கும் காத்திருந்துதான் அத்தை வேலைய விட்டாங்க, மாமா சம்பளம் வேற இருக்கு. எல்லாரையும் நாளைக்கே ராஜினாமா பண்ணச் சொல்ற ஆளு நான் இல்ல. அதுக்குத்தானே 1985லேர்ந்து இக்னோ, 2002லேர்ந்து தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம்னு அஞ்சல் வழிக்கு வசதி இருக்கு. செலவப் பத்திக் கேளுங்க, நியாயம். ஆனா "சம்பளம் ஏறுமா"ங்கற ஒரே கேள்வியோட கணக்க மூடுறீங்க பாருங்க, வரவுப் பக்கத்தையே எழுதாம பேலன்ஸ் பண்ற மாதிரி இருக்கு. நம்ம வாத்தியார் பார்த்தா பூஜ்யம் போடுவாரு.

போன வாரம் அத்தைக்கு ஒரு அசைன்மென்ட். அந்த ஜாமீன் ஃபாரத்த ஒரே பக்கத் தமிழ்ல எழுதி, சட்டம் தெரியாத அஞ்சு பேர் கிட்ட குடுத்து, என்ன புரிஞ்சுதுன்னு அவங்க வாயாலயே சொல்ல வைக்கணும். முதல் ஆள் எங்கப்பா. கண்ணாடி போட்டுட்டு ரெண்டு தடவை படிச்சாரு. கொஞ்ச நேரம் பேசல.

"ஏம்மா, நம்ம மளிகைக் கடைக்காரருக்கு நான் போட்டேனே, அதுவும் இதுதானா?"